அரை வாரம்

ரெக்ஸம் ஊருக்கு வெளியே மெத்தை ஆலை.
மார்ச் கடைசியோடு மூடுகிறார்கள்.
நூற்றுப் பதினொரு பேர், நூற்றுப் பதினொரு உறை.
கணக்குப் போடுவது நான்.
என் உறையும் அதில் ஒன்று.

சூத்திரம் சின்னது:
எத்தனை வருஷம், என்ன வயது, ஒரு வாரச் சம்பளம் எவ்வளவு.
இருபதுக்கு மேல் உழைத்திருந்தாலும்
இருபதோடு எண்ணுவதை நிறுத்திக்கொள்ளும் சட்டம்.
நாற்பத்தொன்றைத் தாண்டிய வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வாரம்,
அதற்கு முந்தியதற்கு ஒன்று.
எந்த வாரம் என்று கேட்டால்
கடைசி வாரம்.

டெலித் ப்ரோதெரோ, வயது ஐம்பத்தெட்டு.
சரக்கு வாசலில் நின்று
லாரியில் ஏறும் மெத்தைகளை எண்ணுகிறவள்.
இருபத்திரண்டு வருஷத்தில் இருபதுக்கும் மேலாக
வாரம் நாற்பது மணி நேரம்.
போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில்
எம்ரிஸ் குளியலறையில் விழுந்தார்.
வலது கை திரும்பவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது.
டிசம்பரில் என்னிடம் வந்தாள்:
இனிப் பதினாறு மணி நேரம், செவ்வாயும் வியாழனும்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
தற்காலிகம். நிரந்தரம்.
தற்காலிகம் என்றால் திரும்பும் தேதி எழுத வேண்டும்.
பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்,
"மூளையில் ரத்தம் கட்டினதுக்கு என்ன தேதி போடுவாங்க?"
"நிரந்தரத்தில் டிக் போடுங்க,
பின்னால மாத்திக்கலாம்."
நான்தான் சொன்னேன்.
மதியம் மூன்றரை மணி,
யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த கேக் துண்டு
என் கீபோர்டுக்குப் பக்கத்தில்.
சூத்திரம் அன்றைக்கும்
முதுகுக்குப் பின்னால் இதே அலமாரியில்தான் இருந்தது.

மணிக்குப் பன்னிரண்டரை பவுண்டு.
பதினாறு மணிக்கு இருநூறு.
ஐயாயிரத்து அறுநூறு என்றது திரை.
நாற்பது மணி என்று மாற்றிப் பார்த்தேன், சும்மா.
பதினாலாயிரம்.
திரும்ப அழித்தேன்.

இருபது வருஷமும்
வெறும் செவ்வாயும் வியாழனும் ஆகிவிட்டன.
திங்கட்கிழமைகளை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?
பனி கொட்டியும் அவள் வந்து நின்ற வெள்ளிகளை?
சட்டத்தை மூன்று முறை படித்தேன்.
மூன்று முறையும் அது குரலை மாற்றிக்கொள்ளவில்லை.
தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்,
பழைய மணி நேரத்துக்கும் சேர்த்து ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா என்று.
"சட்டப்படி உள்ளது மட்டும். அன்புடன், ஹியூகோ."

வியாழன் வந்தாள். ஈரக் கோட்டைக் கழற்றவில்லை.
தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.
"எந்த வாரத்தை எடுத்தீங்க?"
"கடைசி வாரம்."

நான் பயந்த எதையும் அவள் சொல்லவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.
லாரிக்குப் போடுகிற மாதிரியே
ஓரத்தில் நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
"பதினேழு வருஷத்துக்கு ஒன்றரை,
அது இருபத்தைந்தரை.
மிச்சம் மூணு.
இருபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க.
அரை வாரம் எங்கே?"

தாள் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று
பின்னங்களை வெட்டிவிடச் சொல்லியிருந்தேன் கம்ப்யூட்டரிடம்.
அரைகளை எல்லாம் அது தின்றிருந்தது.
"அப்போ மத்தவங்களோடது?" என்றாள்,
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே.
எம்ரிஸுக்கு மாத்திரை நேரம். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரவு பத்து மணி வரை ஒட்டிய உறைகளைக் கிழித்தேன்.
நாற்பத்து மூன்று பேருக்கு அரை வாரம் குறைந்திருந்தது.
அதில் என்னுடையதும் ஒன்று.
எனக்கு ஒன்பது வருஷம், முழு நேரம், பத்தரை வாரம்.

அவள் கண்டெடுத்த அரை வாரத்துக்கு
அவளுக்கு நூறு பவுண்டு.
எனக்கு முந்நூற்றுப் பத்து.

இதை அவளிடம் சொல்ல வேண்டும்.
செவ்வாய்க்கிழமைதான் வருவாள்.