நூறு தலைகள்

செகெட் நகரில் டிசம்பர். திசா ஆற்றின் பனிமூட்டம்
பாலத்தைப் பாதி விழுங்கியிருக்கிறது.
நிலவறை ஆய்வகத்தில் மங்கலாய் ஒரு மஞ்சள் விளக்கு;
பளிச்சென்ற வெளிச்சம் பட்டாலும் இழை அறுந்துவிடும்,
பிறகு பழியை யார் மேல் போடுவது?

காவல் நிலையத்திலிருந்து வந்த பொட்டலம்:
ஊதா நிற ஆந்தை, ஒரு கண்ணைச் சிமிட்டுகிறது.
கீழே பொடி எழுத்தில், "குளியல் உப்பு. மனிதர் உட்கொள்ள அல்ல."
இந்த ஊரில் யாரும் அதில் குளித்ததில்லை.

திங்கட்கிழமை என் கையிலிருந்து எடுத்த ரத்தம்.
பிரித்த செல்களுக்கு நானே ஊட்டுகிறேன்:
ஒரு துளி, அரைத் துளி, அரையில் பாதி.
மூன்று மணி நேரம், உடல் சூட்டில்.
அவை சிரிப்பதில்லை,
விடியும்வரை ஆட இசை கேட்பதில்லை.
போதை யாருக்கோ.
செலவு மட்டும் இவற்றின் கணக்கில்.

பிறகு ஜெல்லியில் புதைத்து
உப்பிலும் சோப்பிலும் இரவு முழுக்க ஊறவிட்டு
தோலை உரிக்கிறேன், சதையைக் கரைக்கிறேன்.
மிஞ்சுவது உட்கரு,
அதற்குள் சுருட்டி வைத்த இரண்டு மீட்டர் நூல்.
இருபத்தைந்து வோல்ட். இருபது நிமிடம்.
முழு நூல் அசையாது. அறுந்த துண்டுகள் மட்டும்
நேர்முனையைப் பார்த்து நகரும்,
கடை மூடியதும் குடிகாரர்கள்
சுவரைப் பிடித்துக்கொண்டு போவதுபோல.

நுண்நோக்கியில் அது வால்நட்சத்திரம்.
தலை இருக்க வால் ஆடலாமா?
ஆடுகிறது.
தலையெழுத்து என்பது இதுதானென்றால்
அது தலையில் நிற்கவில்லை,
எழுத்தெழுத்தாக வாலுக்கு ஒழுகுகிறது.

ஒரு தகட்டுக்கு நூறு தலை எண்ண வேண்டும்.
எது மருந்து, எது வெறும் நீர், எனக்குத் தெரியக் கூடாது;
கிங்கா பெயர்களின் மேல் காகிதம் ஒட்டியிருக்கிறாள்.
நாற்பத்தொன்றில் தும்மல்.
மறுபடி ஒன்றிலிருந்து.

புதன்கிழமை மகோவிலிருந்து ஒருவன் வந்தான்.
வில்மோஷ், பத்தொன்பது வயது, வெங்காயக் கிடங்கில் வேலை.
கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக்கொள்ள வாயைத் திறந்தான்.
"எத்தனை நாள் இழுத்தாய்?"
"எண்ணவில்லை."
படிவத்தில் கையெழுத்திட்டு, கதவருகே நின்று
"லில்லாவுக்கு நான்காம் மாதம்" என்றான்.
கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்னிடம் இருந்தது ஆயிரம் செல்லின் சராசரி.
அதில் ஒரு பிள்ளையின் முகம் தெரியாது.
அவன் செல்களில், உட்கருவின் பக்கத்தில்
உடைந்து உதிர்ந்த குட்டி உட்கரு:
ஆயிரத்துக்கு நான்கு.
அதிகமா? அதிகம்தான்.
அவனுக்கு?
கருவுக்கும் உட்கருவுக்கும் ஒரே சொல் போதும் என்று
மொழி நினைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கிங்கா காகிதங்களை உரித்தாள்.
மிக நீண்ட வால்கள் பெராக்சைடுக்கு,
தலைமுடி வெளுக்கிற கடைச் சரக்கு;
அறுக்கும் என்று தெரிந்தே வைத்தது.
ஆந்தை நடுவில். பெரிய துளியில் மட்டும்,
"குறிப்பிடத்தக்க" என்ற சொல்லை
கூச்சத்தோடு அனுமதிக்கும் அளவுக்கு.

ஒன்பதாம் தகட்டில் நூற்றுக்கு ஏழு வால்.
"இதற்கு என்ன கொடுத்தோம்?"
"ஒன்றுமில்லை, எமொக்கே. அது வெறும் நீ."

ரொட்டி, காபி, இரவு வேலை, முப்பத்தெட்டு வயது.
சும்மா இருந்ததற்கு ஏழு.

அறிக்கை முடியுமுன் சட்டம் ஆந்தையைத் தடை செய்தது.
பிப்ரவரியில் புதுப் பொட்டலம்: பச்சை நரி.
அதே மூலக்கூறு. ஓரத்திலிருந்த ஒரு புளூரின் மட்டும்
பேருந்தில் ஜன்னல் இருக்கை கேட்டவர்போல
இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.
"மனிதர் உட்கொள்ள அல்ல."

சட்டைக் கையை மடிக்கிறேன். கிங்கா ஊசியைப் பிரிக்கிறாள்.
"இறுக்கிப் பிடி."
லில்லாவுக்கு மே மாதம்.
கூப்பிட்டுக் கேட்க ஆய்வு விதியில் இடமில்லை.
எண் மனப்பாடமாகிவிட்டது.