மற்றவை

ஒன்பதாவது மாடி.
"லெவல் நைன்" என்கிறாள் லிஃப்டுக்குள் இருப்பவள்.
அவளுக்கு எந்த ஊர் என்று
அவளைச் செய்தவர்களுக்கே தெரியாது.

பதினைந்து விநாடிக் குரல் வரும்,
கேட்டுவிட்டுப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும்.
பிரிட்டிஷ், அமெரிக்கன், ஆஸ்திரேலியன்,
சிங்கப்பூருக்குக்கூட ஒரு பெட்டி.
அடியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், மற்றவை.
நாமெல்லாம் அதற்குள்.
குரல் ஒன்றுக்கு எட்டுக் காசு.

நேற்று ஒரு பினாங்குக்காரர், வயதானவர்,
ஃபிலிம் என்றார், இரண்டு அசையாக.
அவருக்குப் பாடம் எடுத்த அயர்லாந்துப் பாதிரிகளும்
அப்படித்தான் சொல்வார்களாம்.
யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது?
அதைக் குறிக்க இடமில்லை.
எட்டுக் காசு.

இந்த மாதம் ஒரு பேங்கின் பழைய தொலைபேசிப் பதிவுகள்.
பெயர் வரும் இடத்தில் பீப்.
தொண்ணூற்றொன்பதில் ஒருத்தி கார்டைத் தொலைத்திருக்கிறாள்.
கார்டு லாஸ்ட்டு, பர்ஸு, பஸ்ஸு,
பரீட்சைக்குப் படித்து மறந்த குற்றியலுகரம்
ஆங்கிலத்தின் வாலில் அரை மாத்திரையாக
ஒட்டிக்கொண்டு வருகிறது.
எண்ணைச் சொல்லுமுன் ஒரு சின்னச் செருமல்.

அதே செருமல் இரண்டாயிரத்தேழில்,
பெர்த்திலிருந்து.
உகரம் செத்துப்போயிருந்தது.
கார்டு, கா...ட் ஆகியிருந்தது.
டுடே, டுடாய்.

பத்தொன்பதில் மறுபடி செருமினாள், கிள்ளானில்.
"டுடாய் கேன்னாட் லா!"
நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தேன்.
பன்னிரண்டு வருடமும் ஒரு கடலும்
மூன்று சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

மற்றவை, ஆஸ்திரேலியன், மற்றவை என்று அடித்தேன்.
கணினியில் அவள் மூன்று பேர்.
"ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி போதும்" என்றாள் ஹஃபீசா, மேற்பார்வையாளர்.
கார்டிஃபில் மூன்று வருடம் படித்தவள்.
கோபம் வந்தால் மட்டும்
அவள் வாக்கியத்தில் வேல்ஸ் மலைகள் ஏறி இறங்கும்.
அன்று ஏறி இறங்கின.

வீட்டில் அக்கா மகன் தர்வின், நான்கு வயது,
யூடியூபில் பேசக் கற்றவன்.
தாகம் எடுத்தால் "வாரர்" என்பான்.
அம்மா வாசலை எட்டிப் பார்த்து
"யாரு வாரார்?" என்பார்.
இது மூன்று நாள் நடந்தது.
நான்காம் நாள் அம்மாவே கேட்டார்,
"வாரர் வேணுமா கண்ணு?"
அறுபத்தெட்டு வயது.
செந்தூலை விட்டுத் தாண்டாத நாக்கு.

வெள்ளிக்கிழமை, நாலாயிரத்துச் சொச்சமாவது குரல்:
ஏதோ ஒரு கால் சென்டர்ப் பெண்.
டேங்க் யூ ஃபோர் காலிங்.
தர்ட்டி ட்ரீ ரிங்கிட்.
சொல்லின் கடைசி மெய்களை எல்லாம்
விழுங்கி விழுங்கிப் பேசினாள்.
மற்றவை.
தரம்: தெளிவில்லை.
டிக் அடித்து அனுப்பிய பிறகும்
காதில் மிச்சம் இருந்தது
"ஹோல்ட் ஆன் யா" என்று சொல்லிவிட்டு
அவள் மூக்கால் சிரித்தது.

ஜாலான் ஈப்போ. பஞ்சு கிழிந்த ஹெட்செட்.
இரண்டாயிரத்துப் பதினொன்று.
என் முதல் வேலை.

திரும்பு பொத்தான் பத்து விநாடிதான் உயிரோடிருக்கும்.
அந்த மூக்கு யாருடையது என்று யோசித்ததில்
பதினொன்று ஆகிவிட்டது.
அடுத்த குரல் பேச ஆரம்பித்திருந்தது.
யாரோ ஓர் ஆள், மழையைப் பற்றி.

கீழே கெரிஞ்சி ஸ்டேஷன் பக்கத்து மாமாக் கடையில்
"தே ஓ ஐஸ் ஒண்ணு, குராங் மானிஸ்" என்றேன்.
புதிதாக வந்த பையன், கடையநல்லூர்.
"அக்காவுக்கு எந்த ஊரு?"
"இங்கதான், செந்தூல்."
கிளாஸை வைத்துவிட்டு
தலையைச் சாய்த்துக் கேட்டான்,
நான் கேட்பதைப் போலவே:
"இல்லக்கா, பேச்சு வேற மாதிரி இருக்கே."