பதினேழும் பதினெட்டும்

டேப் காலத்தில்
ஒரு மணி நேரம் எடுத்ததை இறக்க
ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகணும்.
டீ ஆறும். கேசட் சுற்றும்.
வேண்டாததும் கண்ணில் படும்:
மூடி கழற்றாத லென்சின் இருட்டு, யாரோ தும்மியது,
காமிராவைத் தரையில் வைத்த பிறகு
குறுக்கே போன செருப்புகள்.

இப்போது தபால்தலை அளவு கார்டு.
சொருகினால் பத்து நிமிஷம், பச்சைக்கோடு ஓடி முடிந்துவிடும்.
எல்லாம் வந்து சேரும், யாரும் பார்ப்பதில்லை.

ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பின்னால்
தையல்கடை மாடியில் எங்கள் எடிட் ரூம்.
ஏசி இரைச்சலில் கீழே மிஷின் ஓடுவது கேட்காது,
மேஜை மட்டும் லேசாய் அதிரும்.
ஹம்ரியாவில் கட்டடம் எழுப்பும் கம்பெனிக்கு
பாதுகாப்புப் படம். ஆறு நிமிஷம், ஐந்து மொழி.
தமிழுக்கு மரியசூசை.
சொல்ல வேண்டியது ஒரே வரி:
'ஹெல்மெட் என் குடும்பம்.'
எவன் எழுதினானோ.
பதினோரு தடவை சொல்கிறார் மனுஷன்.
ஏழாவதில் 'குடும்பம் என் ஹெல்மெட்' என்கிறார்.

பதினொன்றும் முடிந்து
ஓடுகிற காமிராவை அணைக்காமல்
பிஜோய் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான்.
மரியசூசை லென்சுக்குள் எட்டிப் பார்க்கிறார்.
மூக்கு பெரிதாகிறது.
'இதுல டேப்பே கெடையாதாம்ல.
அப்ப நான் எங்கன போயித் தங்குவேன்?'
'பெட் ஸ்பேஸ் கெடைக்கும்ணே' என்று ஒரு குரல், சிரிப்பு.
சிரித்தவன் போய்விடுகிறான்.
பிறகு, குரல் இறங்கி,
'ஹெல்மெட்டு இல்லங்க இங்க பிரச்சின.
சாரத்துல கிளாம்பு கழண்டு நிக்கிது.
நாலு நாளாச் சொல்றேன். எந்த டவருன்னா—'

அவ்வளவுதான். கிளிப் முடிந்தது.
நாலு ஜிபி நிரம்பியதும்
கார்டு வாக்கியம் பார்க்காது.
வெட்டிவிட்டு அடுத்த நம்பரில் தொடரும்.

நியாஸ், பதினெட்டு எங்கடா?
'அதுல ஒண்ணும் இல்லண்ணே,
டேக்கெல்லாம் பதினேழுலயே இருக்கு.'

எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.
கார்டுக்குள் பிரைவேட் என்றொரு ஃபோல்டர்,
அதற்குள் ஒன்று, அதற்குள்ளும் ஒன்று.
கடைசி அறையில் இருப்பவனை மட்டும்
தனியாய்த் தூக்கி வராதே,
வீட்டோடு கொண்டு வா என்று.

கார்டு பிஜோயிடம்.
பிஜோய் ஃபுஜைராவில்.
காலை ஆறு மணிக்கு ஒரு கல்யாணம்,
ஃபார்மட் அடித்துவிட்டுத்தான் தொடங்குவான்.
போன் அடிக்கிறது, அடிக்கிறது, தூங்குகிறான்.

இரவு ஒன்றரை. தைது தாண்டியதும்
ரோடு மலைக்குள் நுழைந்தது.
என் பழைய சன்னிக்கு முன்னால் ஒரு ஜல்லி லாரி,
அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன்.

கைலியோடு கதவைத் திறந்தான்.
சட்டைப் பையில், ஒரு பல்குச்சியோடு, கார்டு.
கையில் வாங்கினேன். நிரம்பியதற்கும்
காலிக்கும் எடையில் வித்தியாசமே இல்லை.
லேப்டாப்பில் முழு ஃபோல்டரையும் இறக்கினேன்.
பதினேழும் பதினெட்டும்
தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டன.

'—மூணாவது. கடல் பக்கம். அஞ்சாவது அடுக்கு.'
ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு
சட்டகத்தை விட்டு நடக்கிறார்.
மிச்சம் நாற்பது விநாடி வெறும் வானம்.

நாலேகால் மணிக்கு ரெனாட்டோவை எழுப்பினேன்,
சைட்டின் சேஃப்டி ஆள். டவரையும் அடுக்கையும்
திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.
'யார் சொன்னது?'
புட்டேஜில் இருந்தது.
'பேர்?'
முகம் அவுட் ஆஃப் ஃபோகஸ் என்றேன்.
ஆடியோவும் சுமார்தான் என்றேன்.
வாழ்க்கையில் முதல்முறையாக
பிஜோயின் வேலையைக் குறை சொன்னேன்.
அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு கார்டைக் காமிராவில் போட்டான்.
ஃபார்மட், ஆமா இல்லையா என்று திரை கேட்டது.
என்னைப் பார்த்தான். அடி என்றேன்.

படம் போன வாரம் ஓகே ஆகிவிட்டது.
மரியசூசை அதில் நாலு விநாடி வருகிறார்.
ஏழாவது டேக் போட்டிருக்கிறேன்.
ஓகே சொன்னவர்களில்
தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை.