கழித்தல் குறி

ஐந்தாம் பருவம், கணினி இயற்பியல் செய்முறை:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்
தொட்டு இழுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள
ஏதாவது ஒரு மென்பொருள். இருபத்தைந்து மதிப்பெண்.
மற்றவர்கள் ஊசலையும் ஒளிவிலகலையும் எடுத்துக்கொண்டார்கள்.
பெனிற்றா கடலை எடுத்தாள்.
வரிசை எண்ணில் அடுத்தவன் என்பதால்
கடல் எனக்கும் வந்தது.

நான் குலசேகரத்துக்காரன்.
விடியுமுன் நூறு மரம் ரப்பர் வெட்டிவிட்டு
கருங்கல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறவன்.
கடல் என்றால் எனக்கு
பள்ளிச் சுற்றுலாவில் நனைந்த ஒரு பேண்ட்.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
அலையின் உயரத்துக்கு ஒரு நகர்த்தி,
அலை கரையை முட்டும் கோணத்துக்கு ஒன்று.
ஆனியும் ஆடியும் தனியாக வேணும் என்றாள்.
கடலுக்கு எதுக்கு காலண்டர் என்றேன்.
"கடலுக்கில்ல லேய், எங்களுக்கு."
மணலுக்கு மூன்று நிறம். கறுப்பு எதற்கென்று மட்டும் கேட்கவில்லை,
மணவாளக்குறிச்சியில் எனக்கும் ஒரு மாமா இருக்கிறார்.

கரையோரம் இரண்டு ஊர், அ என்றும் ஆ என்றும்.
பேர் வைக்கலாமே என்றதற்கு
சண்டை வரும் என்றாள்.
மவுஸால் கல்லை இழுத்துக் கடலில் போட்டால்
தூண்டில் வளைவு முளைக்கும்.
அப்புறம் மணல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.
பாடம் அவ்வளவுதான்.

முதல் ஓட்டம் ஒரு வியாழக்கிழமை.
கல்லைப் போட்டேன், ஆடியை வைத்தேன்.
அ பக்கம் மணல் சேர்ந்தது. சரி.
ஆ பக்கமும் சேர்ந்தது.
பத்து வருஷம் ஓடவிட்டோம், இருபது விட்டோம்,
திரையின் கீழ் ஓரத்தில்
ஒரு நீலக் கோடாக ஒதுங்கிவிட்டது கடல்.
கரைமடி இழுக்க இடம், வலை உலர்த்த இடம்,
செவன்ஸ் விளையாட ஒன்றுக்கு மூன்று மைதானம்.

நூற்றுப்பதினேழாம் வரியில்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
திருத்தக் கை போனபோது
"இரி" என்றாள்.

லேப் பூட்டுகிற அண்ணன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.
அவள் திரையிலேயே விரலை வைத்தாள், ரேகை பதிய.
"இது அடுக்களை."
கொஞ்சம் தள்ளி, "இதில ரெண்டு தென்னை."
இன்னும் தள்ளி விரல் போனது,
வார்த்தை கூடப் போகவில்லை.
உதவித்தொகைப் படிவத்தில் அவள் முகவரி
மே/பா சமூக நலக்கூடம் என்றிருந்தது ஏனென்று
அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து
கழித்தலை அவளே போட்டாள்.
அ வளர்ந்தது, ஆ தேய்ந்தது.
புத்தகத்து வளைகோட்டோடு ஒத்துப்போனது, ஒரு மயிரிழை பிசகாமல்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டிக் காட்டியபோது
வழிமுறையை ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை.
ஆஷிக் என்று ஒருத்தன், சட்டைப் பையில் மாங்காய்,
ஆ-வுக்கு முன்னாலும் கல்லைக் கொட்டினான்.
ஆ பிழைத்தது. கைதட்டினார்கள்.
அவன் தட்டவில்லை.
"அக்கா, இப்ப அந்த மணல் எங்கேருந்து போவுது?"

திரை ஆ-வோடு முடிந்திருந்தது.

அன்றிரவே இ வரைந்தோம். இ அரிக்கப்பட்டது.
இ-க்குக் கல் போட்டால் ஈ.
ஈ-க்குப் போட்டால் உ.
திரையை உருட்டும்படி மாற்றிக்கொண்டு
உயிரெழுத்து பன்னிரண்டையும் கரையில் குடிவைத்தோம்,
ஔ ஊரில் ஒரு கோயில், ஒரு குருசடி,
அவள் கேட்டதற்காக ஒரு மைதானம்.
ஔ-வும் கரைந்துகொண்டுதான் இருந்தது.
எழுத்துப்பிழைக்கு மூன்று போக இருபத்திரண்டு தந்தார்கள்.

இதற்கு அப்புறம் கேரளம், நம்ம பாடத்தில் வராது என்றேன்.
பெனிற்றா உருட்டிக்கொண்டே இருந்தாள்.
"அங்கயும் மணலுதாம்டே."