இரண்டு பருவம் உள்ள பெட்டி

துலூத் துறைமுகத்தில் ஜனவரி.
ஏரி இறுகிவிட்டது. தாதுக் கப்பல்கள் கட்டிக் கிடக்கின்றன.
வேலையில்லாத ஹால்வர்
சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து
வினிகர் தொட்டுத் துடைக்கிறான்.

பாம்பு என்றால் படையும் நடுங்குமாம்.
இங்கே படை இல்லை, குளிர்தான்.
நடுங்க வேண்டியது பாம்பு;
அதற்கு நடுங்கத் தெரியாது.
குளிரக் குளிர மெல்ல மெல்ல நின்றுபோகத்தான் தெரியும்.
ஆகவே துணிப்பையோடு அது
அவன் கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோரம்,
ஒரு பூட்ஸ் கயிற்றின் கனத்தில்.

டொய்வோ கொடுத்தது.
அவன் குடிபோகிற இடத்தில் பல்லிக்கும் அனுமதியில்லை.
"சோளப் பாம்பு. நாலு மாசம். கடிக்காது.
கடித்தாலும் உனக்குத் தெரியாது" என்றான்.

முதலில் வாங்கி வந்தது தேவதாருச் சீவல்.
மூட்டையைப் பிரித்ததும் ரமோனாவின் ஸ்வெட்டர் பெட்டி வாசம்.
மடித்து வைத்ததுபோல் கொஞ்ச நேரம் நின்றான்.
கடைப்பெண் தொலைபேசியில் அலறினாள்:
"ஐயோ, அந்த வாசம்தான் விஷம்,
குட்டிக்கு நெஞ்சு அடைத்துவிடும்!"
திருப்பிக் கொடுத்து ஆஸ்பென் வாங்கினான்.
அதற்கு எந்த வாசமும் இல்லை.
எதையும் ஞாபகப்படுத்தாத மரம்.

மூன்று விரல் ஆழம் பரப்பினான்.
தொட்டிக்கு அடியில் சூட்டுப் பாய்,
முழுக்க அல்ல, மூன்றில் ஒரு பங்கு.
இது அவனுக்குப் புரியவே இல்லை.
சூடு என்றால் சூடு, குளிர் என்றால் குளிர்,
பாதிப் பெட்டிக்கு மட்டும் யாராவது அடுப்பு மூட்டுவார்களா?

எட்டுக் குளிர்காலம் அவர்கள் அதைத்தான் செய்யவில்லை.
ஜார்ஜியாவில் பிறந்தவள் ரமோனா,
இந்தக் குட்டியின் இனம் திரிகிற அதே பைன்காட்டு மண்.
சுவரில் இருக்கும் வெப்பச் சக்கரத்தை
அவள் ஏற்றுவாள், அவன் இறக்குவான்,
ஒருவர் குளிக்கப் போகும்போது மற்றவர்.
வாய்விட்டு ஒரு நாளும் சண்டையில்லை.
சக்கரத்தின் ஓரத்தில் இரண்டு பேர் விரலழுக்கும்
ஒரே கறுப்பாய்.
அக்டோபரில் அவள் தெற்கே போனாள்.
வசந்தத்தில் பார்க்கலாம் என்றாள்.
எதை என்று சொல்லவில்லை.

ஒளிய இரண்டு இடம் வேண்டும்,
இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று.
தயிர் டப்பாக்களைக் கவிழ்த்து வாசல் வெட்டினான்.
பெரிய வீடு கூடாது:
சுருண்டால் சுவர் முதுகைத் தொட வேண்டும்,
இல்லாவிட்டால் பயம் உள்ளேயே குடியிருக்கும்.
நடுவே தண்ணீர்க் கிண்ணம்.
மூடிக்கு நான்கு கிளிப்.
பென்சில் போகிற சந்தில் தலை போகும்,
தலை போனால் பாம்பே போயிற்று.

ஒரு நாள் முழுக்கப் பெட்டி காலியாகவே எரிந்தது,
எண்கள் நிலைக்கட்டும் என்று.
இந்தப் பக்கம் எண்பத்தைந்து.
அந்தப் பக்கம் எழுபத்து மூன்று.
அன்று இரவும் பாம்பு அவன் சட்டைக்குள்ளேதான் டிவி பார்த்தது.

மறுநாள் விட்டான்.
ஆரஞ்சுத் திட்டுகள், அடிவயிற்றில்
கறுப்பும் வெள்ளையுமாய்க் கலந்த சோளமணி வரிசை.
நாக்கு ஒரு முறை. இரண்டு முறை.
சூட்டு டப்பாவை எட்டிப் பார்த்தது.
குளிர் டப்பாவையும்.
இரண்டையும் விட்டுவிட்டு
தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் குடைந்து
அங்கே படுத்துக்கொண்டது.

ஹால்வர் சிரித்தான். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு
நாளாகியிருந்தது; அவனே திரும்பிப் பார்த்தான்.

ஒரு வாரம் தொடக் கூடாது, தீனி கூடாது, பேசாமல் விட வேண்டும்.
உறைந்த எலிக்குஞ்சு
பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் காத்திருக்கிறது.
கை சும்மா இருக்கவில்லை.
ரமோனாவுக்கு ஒரு செய்தி அடித்தான், அழித்தான்,
கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினான்:
"வீட்டில் எண்பத்தைந்து."

வெகு நேரம் கழித்து வந்தது பதில்:
"எந்தப் பக்கம்?"

கிளிப்புகளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.
நான்கும் இறுக்கமாகத்தான் இருந்தன.