பிறழ்வு: இல்லை

முப்பத்தோராம் மரத்தில் ஏறியவர் ரொபர்ட்ராஜ்.
ஆடி மாதக் கச்சான் காற்று, பொரலந்தைச் சரிவு,
அறுபதடி வரைக்கும் ஒரு கவர்கூட விடாத டர்பன்டைன்.
உச்சிக் கொழுந்தை ஈரத்துணியில் சுற்றி
சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.
பிள்ளையைக் கொண்டு வாற மாதிரி, என்றாள் சந்திமா, சிங்களத்தில்.
பிள்ளை இப்படிக் குத்தாது, என்றார் அவரும் சிங்களத்தில்.

எங்கள் வீட்டில் கொழுந்து என்றால் கிலோக் கணக்கு.
பதினெட்டுக்கு ஒன்று குறைந்தாலும்
செக்ரோலில் அம்மாவுக்கு அரைப்பேர்,
அரைச் சம்பளம்.
எனக்குக் கொழுந்து மில்லிமீட்டர்.
குளோரினில் அலசி, கத்தியைச் சுடரில் காட்டி,
மூச்சை முகமூடிக்குள் பிடித்துக்கொண்டு
அரிசியில் பாதி நுனியை
கடல்பாசிக் களியில் நட்டு வைப்பேன்.
முதல் நாற்பது போத்தலிலும் பூஞ்சை.
அடுத்த நாற்பதில் களி கறுத்தது:
வெட்டுப்பட்ட நுனி
தன் கசப்பைத் தானே குடித்துச் செத்தது.
ஒன்றே ஒன்று பிழைத்தது.
ஒன்று போதும் இந்தத் தொழிலுக்கு.

ஒன்று நாலாச்சு, நாலு பதினாறு.
பூ வேண்டாம், விதை வேண்டாம், தேனீக்கு வேலை இல்லை.
இரவு எட்டு மணித்தியாலம், அதுவும் சுவிட்சில்.
பதினோராயிரம் மரம்
ஒரே மரம்.
நட்டு மூன்றாம் வருஷம் போய்ப் பார்த்தேன்.
பெரட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றன,
ஒரே உயரம், ஒரே நிமிர்வு.
எனக்கு ஏனோ கூப்பிடத் தோன்றியது.
என்ன பேர் சொல்லி?

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் தட்டில்
இலை சுருண்டு, தண்டு நெளிந்து,
தாயைக் கொஞ்சமும் மதிக்காத ஒரு குஞ்சு.
அவித்து எறி என்பது விதிமுறை.
மாதக் கடைசி அறிக்கையில் அதற்கொரு கட்டம் உண்டு,
பிறழ்வு என்று.
'இல்லை' என்று எழுதினேன்.
பின்னேரம் அதைத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் நட்டேன்.
இரக்கம் என்று சொல்லமாட்டேன்.
அவிக்கிற மெஷின் அன்றைக்குப் பழுது.

போன மாசியில் குளவி வந்தது.
எறும்பின் தலை அளவுக் குளவி.
இலை நரம்பில் முட்டை வைக்க
நரம்பு முடிச்சு முடிச்சாய் வீங்கிற்று.
ஒரு மரத்தைத் திறக்கத் தெரிந்த சாவி
பதினோராயிரத்தையும் திறந்தது.
விக்கிரமசூரிய ஐயா சரிவில் நின்று தொப்பியைக் கழற்றினார்,
கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.
நல்ல வெயில்.

தாங்கிக்குப் பின்னால் அது நிற்கிறது.
இடுப்பில் ஒரு முறுக்கு, தோளில் மூன்று கவர்.
பலகைக்கு ஆகாது, லைட் கம்பத்துக்கும் ஆகாது.
இலையில் ஒரு முடிச்சு இல்லை.
குளவி இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை,
அவ்வளவாகவும் இருக்கலாம்.

சந்திமாதான் கண்டாள்.
கத்தரிக்கோலும் ஈரத்துணியுமாய்ப் போய்
நுனி ஒன்றை வெட்டி வந்து
பதிவேட்டைத் திறந்தாள்.
முப்பத்தொன்றின் பக்கத்தில்
என் கையெழுத்து, நீல மை: பிறழ்வு இல்லை.
அவள் அதை வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.
இல்லாத மரத்தின் கொழுந்து
அவள் உள்ளங்கையில் வாசம் அடித்தது.

லேபலில் என்ன போட, என்று மட்டும் கேட்டாள்.

அரைப்பேர், என்றேன்.
சிங்களத்தில் அதற்கு
என்னிடம் சொல் இருக்கவில்லை.