வராத பெட்டிகளுக்கான மேசை

இறங்கியதும் ஓடாதீர்கள்.
எங்கள் விமான நிலையத்தில் ஓடினால்
வெளியே பனிக்குள் போய்த்தான் நிற்பீர்கள்.
பட்டை சுற்றும், கடைசிப் பெட்டியும் போகும்,
பட்டை வெறுமனே இன்னொரு சுற்று வரும்.
அப்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பீர்கள்.

சீட்டில் ஒய், க்யூ, டி என்று மூன்றெழுத்து.
தண்டர் பே என்ற பெயருக்கும் அதற்கும்
ஒட்டுமில்லை உறவுமில்லை.
பெயரே ஒரு சண்டையில் கிடைத்ததுதான்.
இரண்டு ஊர்களை ஒன்றாக்கி ஓட்டுக் கேட்டார்கள்.
‘லேக்ஹெட்’ என்றது ஒரு கூட்டம்,
‘தி லேக்ஹெட்’ என்றது இன்னொன்று.
ஒற்றைத் ‘தி’க்காக இருவரும் முட்டிக்கொள்ள
இடையில் புகுந்து ஜெயித்தது இடி.
ஆகவே வெறுமனே ‘டவுன்டவுன்’ என்றால்
டாக்ஸி ஒட்டாவியோ வண்டியை எடுக்கமாட்டார்.
‘எது?’ என்பார்.
ஐம்பது வருஷக் கல்யாணம்,
இன்னும் தனித்தனிப் படுக்கை.

என் ஊரை நான் அறிந்தது பெட்டிகளால்.
மறுநாள் வந்துசேரும் அவற்றை
வேலை முடிந்து நானே கொண்டுபோவேன்.
ஒரு பேராசிரியரின் பெட்டி நிறையக் கல்,
ஹாக்கிப் பையன்களுடையதை மூக்கே கண்டுபிடிக்கும்.
மூடிய தானியக் கிடங்குகளைத் தாண்டிப் போகையில்
ஏரியில் மல்லாந்து கிடப்பார் ராட்சதர்.
மலைதான். ஆனாலும்
அவருக்குத் தலையணை இல்லையே என்று
ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பெர்ஷியன் சாப்பிடுங்கள், பன் மாதிரி இருக்கும்,
மேலே இளஞ்சிவப்புப் பெர்ரிப் பூச்சு,
விரலில் ஒட்டியது இரவுவரை போகாது.
சவுனாவைச் ‘சானா’ என்றீர்களானால்
என் பின்லாந்துச் சொந்தங்கள்
கதவைத் திறக்கமாட்டார்கள்.

இனி எழுதுவது எந்தக் கையேட்டிலும் வராது.

ஜனவரி. ஓர் அட்டைப்பெட்டி.
நாடாவால் ஏழெட்டுச் சுற்று,
‘சலோமா, பிரசவ விடுதி’ என்று கறுப்பு மையில்.
வடக்கே, ஏரி உறைந்தால் மட்டும்
சாலை முளைக்கும் ஊரிலிருந்து வந்தது.
ஆளுக்கு இரண்டு நாள் பிந்தி.
மேசைக்கடியில் மீன் வாசம்.
உணவுப்பொருளை உள்ளே வைக்கக்கூடாதாம்.
பின்கதவைத் திறந்து பனியில் வைத்தேன்.
மைனஸ் முப்பத்துநாலு,
ஊர் முழுக்க ஐஸ்பெட்டி.
அண்டங்காக்கை ஒன்று வந்து
ஒரு மூலையைக் கொத்திப் பார்த்துவிட்டு
அலகு வலித்தோ என்னவோ, போய்விட்டது.

ஒன்பதாம் மாதம் அவளுக்கு.
பிரசவம் பார்க்க அங்கே ஆளில்லை,
தேதிக்கு மூன்று வாரம் முன்பே
இங்கே வந்துவிட வேண்டும்.
கணவனுக்கும் டிக்கெட் என்றால்
வேறு படிவம், வேறு அலுவலகம்.
கட்டிலோரம் உட்கார்ந்து நாடாவைப் பல்லால் கிழித்தாள்.
பிக்கரல் மீன்கள், விறகுக்கட்டைபோல, பதினொன்று.
நடுவே, செய்தித்தாளுக்குள்,
மூஸ் தோலில் தைத்த இரண்டு காலணி.
என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
கல்லாய் உறைந்திருந்தன.

ஹீட்டரைக் காட்டினேன்.
‘தோல் சுருங்கிவிடும்’ என்றாள்.
சட்டையை விலக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.
குளிர்ந்திருக்க வேண்டும்,
உள்ளேயிருந்து ஓர் உதை.
இடப்பக்கத்துக் காலணி உருண்டு விழுந்தது.
நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.
மீன் இரண்டு தந்தாள்.
வேண்டாமென்று சொல்லத் தெரியாதவள் நான்.

அவள் திரும்பிப் போனபோது எனக்கு விடுமுறை.
பட்டியலில்தான் பார்த்தேன்:
சலோமா, இருக்கை நான்கு.
மடியில் குழந்தை: ஒன்று.
பெட்டிகள்: இல்லை.

ஆகவே, பயணியே,
படிவத்தில் தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.
உங்கள் ஒன்றும் ஏழும்
ஒரே மாதிரி இருக்கின்றன.